பெயர் எழுதிய கப்பல்: நேட்டால் பட்டியல்களில் நம் முன்னோரும் அவர்கள் வழிவந்தோரும்



மறைந்த நம் மன்ற முன்னோடிகளின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் இவ்வுரைக்கு இம்முறை வம்சாவளியைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிறப்பைச் சொல்லி மனிதரைத் தரம் பிரித்த சமூகத்தில் பிறப்பின் கணக்கை நாம் ஏன் தேட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. நாம் தேடுவது குலப்பெருமை அல்ல. இந்த மண்ணிலிருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பாத மனிதர்களைத் தேடுகிறோம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்தப் பெயரில் இருக்கிறார்கள், தங்கள் ஊர் எதுவென்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று தேடுகிறோம். பள்ளிப்பட்டு, திருத்தணி, புத்தூர், நகரி என்று இன்று இரண்டு மாநிலங்களாகப் பிரிந்து கிடக்கும் இந்தப் பகுதியில் வாழும் நமக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி.

எழுதப்பட்டவர்களும் எழுதப்படாதவர்களும்

நிலம் வைத்திருந்த சாதிகளுக்கு வம்சாவளி பல இடங்களில் எழுதிக் கிடக்கிறது. கோயில் சுவரில் கொடை கொடுத்தவரின் பெயரும் அவருடைய தகப்பன் பெயரும் உண்டு. செப்பேடுகள் உண்டு. இனாம் பதிவேடுகளில் மூன்று நான்கு தலைமுறையின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. காசிக்கும் கயைக்கும் ஹரித்வாருக்கும் போனவர்களின் பரம்பரையை அங்குள்ள பண்டாக்கள் ஏட்டில் குறித்துவைத்தார்கள். ஊரில் கர்ணத்தின் கணக்கு இருந்தது. அதில் நிலத்துக்குரியவன் பெயர் ஏறும். அந்த நிலத்தில் ஏர் பிடித்த படியாளின் பெயர் ஏறாது.

பள்ளிப்பட்டுப் பகுதியில் இது இன்னும் கடுமையாக இருந்தது. இது கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த பூமி. அரசு நேரடியாகப் பட்டா கொடுத்த ரயத்துவாரிப் பகுதிகளில் அளவைப் பதிவேடுகளாவது கிடைக்கும். ஜமீன் கிராமங்களின் கணக்கு ஜமீனிடம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதுவரை நம் சேரிகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஆள் ஆளாகச் சொல்லும் எழுத்து மிகச் சொற்பம்.

பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து அரசுக்குக் கொடுத்த அறிக்கையை நம்மில் பலர் அறிவோம். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், கடனுக்கு ஈடாக உழைப்பைக் கொடுத்து வாழ்ந்த மக்களை அது காட்டியது. பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படையான 1892ஆம் ஆண்டின் அரசாணை அந்த அறிக்கையின் தொடர்ச்சி. ஆனால் அந்த அறிக்கையிலும் நாம் ஒரு கூட்டமாகவே தெரிகிறோம். இன்ன ஊரில் இன்னார் மகன் இன்னார் என்று அதில் இல்லை.

வாய்மொழி நினைவுக்கும் ஓர் எல்லை உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். முனியன் மகன் சின்னப்பன், சின்னப்பன் மகன் முனியன் என்று இரண்டு பெயர்களே மாறி மாறி வரும்போது, மூன்று தலைமுறைக்கு அப்பால் எந்த முனியனைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியாமல் போகிறது. காணாமல் போனவர்களைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் மங்குகிறது. 'அக்கரைக்குப் போனான், வரவில்லை' என்பதோடு நின்றுவிடும்.

கப்பல் பட்டியல்

இந்த நிலையில்தான் ஒரு முரணைச் சந்திக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மக்களைப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் என்று ஒவ்வொருவராக எழுதிவைத்த பெரும் பதிவு நம் நாட்டுக் கச்சேரியில் இல்லை. அது தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. நேட்டால் காலனிக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல் அது.

முதல் கப்பலான துரூரோ சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை ஆளனுப்புவது நின்றிருந்தது. பிறகு தொடங்கி 1911 வரை நடந்தது. மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களின் முன்வரிசையில் வட ஆர்க்காடு இருக்கிறது. பள்ளிப்பட்டும் திருத்தணியும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

ஏன் போனார்கள் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தைச் சூறையாடியது. 1856இலேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் வந்துவிட்டது. ஆள்பிடிப்பவர்கள் சந்தைகளிலும் சத்திரங்களிலும் ரயில் நிலையங்களிலும் காத்திருந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டு மாதம் 10 ஷில்லிங், பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, உணவும் உறைவிடமும் தனி. படியாளாகப் பரம்பரைக்கும் கட்டுப்பட்டிருந்தவருக்கு ஐந்தாண்டில் முடியும் கட்டு ஒரு வாய்ப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஏமாற்றப்பட்டுப் போனவர்கள் இருந்தார்கள். தெரிந்தே ஊரை விட்டு வெளியேறியவர்களும் இருந்தார்கள். இருசாராரையும் ஒரே சொல்லில் அடக்க முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேட்டால் ஜூலு மக்களின் பூமி. அவர்கள் வெள்ளையரின் கரும்புத் தோட்டத்தில் அற்பக் கூலிக்குக் கட்டுப்பட்டு உழைக்க மறுத்ததால்தான் நம் முன்னோரைக் கொண்டுபோனார்கள்.

பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் என்ன இருக்கிறது? முதலில் ஒரு எண். காலனிய எண் என்று அதற்குப் பெயர். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அடுத்து உடலின் உயரமும் அடையாளக் குறிகளும். எந்த முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார் என்ற குறிப்பும் உண்டு. கணுக்காலில் தழும்பு, நெற்றியில் வடு என்று எழுதியிருப்பார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியவை அவை. நமக்கோ அந்த மனிதரின் உடலைப் பற்றிக் கிடைக்கும் ஒரே செய்தி அதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று பெண்கள். சாதி வம்சாவளிகளில் பெண்களுக்கு இடமில்லை. மகன், அவன் மகன் என்றே அவை இறங்கும். கப்பல் பட்டியலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி எண் உண்டு, குழந்தைக்கும் உண்டு. நேட்டாலுக்கு நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் அனுப்ப வேண்டும் என்பது விதி. இதனால் தனியாகப் போன பெண்கள், விதவைகள், கணவனை விட்டுப் பிரிந்தவர்கள் எல்லாரும் தம் பெயரிலேயே பதிவானார்கள். தாய்வழியாகவும் ஒரு குடும்பத்தைத் தேட முடிவது இதனால்தான். கூலிக் கணக்குக்காகச் செய்த ஏற்பாடு என்றாலும் அதன் பலன் நமக்குப் பெரிது.

டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருந்த இந்தக் கைப்பிரதிகளைக் கணினியில் ஏற்றும் பணியை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் செய்தார்கள். 'நேட்டாலில் கிறிஸ்தவ இந்தியர்கள்' குறித்து 1983இல் நூல் எழுதிய ஜாய் பிரெயின் அவர்களில் முக்கியமானவர். சுரேந்திர பானா 1902 வரையிலான பட்டியல்களை வைத்து 1991இல் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹீதும் இந்தப் பட்டியலையும் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளையும் இணைத்து ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கைக் கதைகளை எழுதினார்கள். குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது. டர்பனில் இருப்பவர் தம் பூட்டனின் ஊரைத் தேடுவதற்கு அதைப் பயன்படுத்துகிறார். நாம் அதை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து. ஊரில் தொடங்கி, போனவரைக் கண்டு, அவர் வழிவந்தவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

நம் ஊரை எந்தப் பெயரில் தேடுவது

முதல் தடை ஊர்ப்பெயர். பள்ளிப்பட்டு என்று தட்டினால் பள்ளிப்பட்டு கிடைத்துவிடாது. தமிழோ தெலுங்கோ பேசியவர் சொன்னதை ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அதை நூறாண்டு கழித்து வேறொருவர் படித்துக் கணினியில் ஏற்றினார். இரண்டு இடத்திலும் எழுத்து மாறும். பட்டு என்பது 'பட்' என்றும் 'பெட்' என்றும் 'பேட்டை' போலவும் நிற்கலாம். போதாததற்குப் பள்ளிப்பட்டு என்ற பெயரில் வட தமிழகத்தில் வேறு ஊர்களும் உண்டு. ஆகவே கிராமத்தோடு தாலுகாவையும் ஜில்லாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அங்கேதான் எல்லைப் பிரச்சினை வருகிறது. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பகுதி வட ஆர்க்காடு. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இது ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் ஏற்பாட்டுக்கும் பின், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இன்று திருவள்ளூர் மாவட்டம். ஆகவே 1890இல் கப்பலேறிய ஒருவரின் ஊர் பட்டியலில் வட ஆர்க்காடு என்றும், தாலுகா இருக்க வேண்டிய இடத்தில் புத்தூர், திருத்தணி, கார்வேட்டிநகர் என்பவற்றில் ஏதோ ஒன்றாகவும் இருக்கும். டர்பனில் உள்ள அவருடைய கொள்ளுப்பேரன் வட ஆர்க்காடு என்பதைப் படித்துவிட்டு வேலூருக்கோ ஆர்க்காட்டுக்கோ வந்து இறங்குவார். திருவள்ளூர் மாவட்டத்தில் தேட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. பழைய தாலுகா, பழைய ஜில்லா, இன்றைய ஊர் என்று மூன்றையும் இணைத்து ஓர் அட்டவணை செய்ய நம்மைப் போல் உள்ளூர் மக்களால்தான் முடியும்.

இரண்டாவது தடை சாதிப் பகுதி. அதில் பறையர் என்ற சொல் ஏராளமாக வருகிறது. மாலா, மாதிகா, சக்கிலியர் என்பவையும் உண்டு. ஆனால் பல கப்பல்களில் குமாஸ்தா சாதியைக் கேட்கவே மெனக்கெடவில்லை. தமிழ் பேசியவரை மலபார் என்றும், தெலுங்கு பேசியவரை ஜென்டூ என்றும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கிறிஸ்தவர் என்று மட்டும் எழுதிய வரிகளும் உண்டு. இரண்டு மொழியும் வீட்டுக்குள்ளேயே புழங்கும் நம் பகுதியில் ஒரே குடும்பத்தில் அண்ணன் மலபாராகவும் தம்பி ஜென்டூவாகவும் பதிவாகியிருக்கக்கூடும். சாதியை வைத்து மட்டும் தேடினால் நம்மவர் பலர் கையை விட்டுப் போவார்கள்.

தனிப்பெயர்கள் சில சமயம் வழிகாட்டும். தணிகாசலம், செங்கல்வராயன், சுப்பராயன் போன்ற பெயர்கள் திருத்தணி மலையைச் சுற்றிய நாட்டில் செல்வாக்குள்ளவை. அவை தீர்மானமான சான்று அல்ல, தேடலைக் குறுக்க உதவும், அவ்வளவே. 1939லும் 1947லும் வந்த கோயில் நுழைவுச் சட்டங்கள் வரை அந்த மலைக்கோயிலின் உள்ளே கால்வைக்க முடியாத மக்களும் அந்தச் சாமியின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே விடாத சாமியின் பெயரோடு கடல் தாண்டினார்கள். அங்கே போய்த் தாங்களே கோயில் கட்டிக் காவடி எடுத்தார்கள்.

எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குவது

ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவர் பிள்ளைகள். இங்கே பெயரை விட எண்ணையே நம்ப வேண்டும். காலனிய எண் ஒருவரை நேட்டாலில் இறங்கிய நாள் முதல் இறக்கும் நாள் வரை விடாமல் தொடர்ந்தது. கூலிக் கணக்கு, தோட்டத்தை விட்டு வெளியே போகும் அனுமதிச் சீட்டு, முதலாளி மீது கொடுத்த புகார் எல்லாவற்றிலும் அது இருக்கும். 1891ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டப்படி பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அங்கேயும் பெற்றோரின் எண் வரும். ஆகவே நேட்டாலில் பிறந்த பிள்ளையை அந்த எண்ணின் வழியாகத் தாய் தகப்பனோடு இணைக்கலாம்.

1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்குபவர்களுக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி விதித்தது. மாதச் சம்பளமே சில ஷில்லிங்குகளாக இருந்தவர்களுக்கு அது தாங்க முடியாத தொகை. அதைக் கட்ட முடியாமல் பலர் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், பலர் கப்பலேறித் திரும்பினார்கள். 1913இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் நடந்த பெரும் வேலைநிறுத்தம் இந்த வரியை எதிர்த்துத்தான். அதில் துப்பாக்கிச் சூட்டில் செல்வன், பச்சையப்பன் முதலிய தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1914இல் வரி ஒழிந்தது. ஒவ்வொரு அடக்குமுறையும் ஒரு காகிதத்தை விட்டுச்சென்றிருக்கிறது. மறு ஒப்பந்தம், வரி பாக்கி வழக்கு, திரும்பியவர் பட்டியல் என்று அவை இன்று நமக்குப் படிக்கட்டுகள்.

அதற்குப் பிறகு பொதுப் பதிவுகள் வருகின்றன. நேட்டாலின் இறப்புப் பதிவேடுகளில் 1950கள் வரையிலானவற்றின் பிரதிகளை ஃபேமிலி சர்ச் தளத்தில் பார்க்கலாம். இறந்தவரின் பெயரோடு வேறு விவரங்களும் அதில் கிடைக்கும். ஏதாவது சொத்து விட்டுச்சென்றவராக இருந்தால் அவருடைய சொத்துக் கோப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருக்கும். அதன் அட்டவணையைத் தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் இணையத் தேடலில் காணலாம். கல்லறைக் கற்களைப் படமெடுத்துத் தொகுக்கும் பணியை அங்குள்ள வம்சாவளிச் சங்கத்தினர் செய்கிறார்கள். கிறிஸ்தவர்களானால் திருமுழுக்குப் பதிவேடும் உதவும். 1903இல் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஜான் ரங்கையா என்ற போதகர் நேட்டாலுக்குப் போய்த் தெலுங்கு பாப்திஸ்து சபைகளை நிறுவினார். தெலுங்கு பேசிய நம்மவரைத் தேடும்போது அந்தச் சபைகளின் பதிவுகளையும் மறக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் இந்தியர்களை அவர்கள் வாழ்ந்த இடங்களிலிருந்து பெயர்த்தெடுத்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற புறநகர்களில் கொண்டுபோய்ப் போட்டது. டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பும் அப்படிக் காலியானது. பழைய முகவரியை வைத்து இன்றைய குடும்பத்தைக் காண முடியாமல் போவதற்கு அது பெரிய காரணம். இங்கே சேரி, அங்கே தோட்டத்து லயம், பிறகு ஒதுக்கப்பட்ட புறநகர் என்று ஒரே குடும்பம் மூன்று முறை ஒதுக்கிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

பட்டப்பெயர்கள் செய்யும் வேலை

கீழே இறங்கி வரும்போது மிகப் பெரிய தடங்கல் குடும்பப் பெயர். நம் வழக்கில் தகப்பன் பெயரே முன்னெழுத்து. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வெள்ளையர் அரசு ஒன்று வேண்டும் என்றது. ஒரு மகன் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டான். இன்னொரு மகன் ஒரு பட்டத்தை எடுத்துக்கொண்டான். நாயுடு, பிள்ளை, ரெட்டி, நாயக்கர், செட்டி, முதலியார் திரிந்து மூட்லி, கவுண்டர் திரிந்து கவெண்டர். இப்படி ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வாரிசுகள் இன்று இரண்டு மூன்று குடும்பப் பெயர்களில் இருக்கிறார்கள். அந்தப் பட்டங்களுக்கும் கப்பல் பட்டியலில் உள்ள சாதிக்கும் பல இடங்களில் ஒட்டும் உறவும் இல்லை.

இதை ஏமாற்று என்று சொல்ல நமக்கு மனமில்லை. பெயரைக் கேட்டே இடத்தைத் தீர்மானிக்கும் சமூகத்திலிருந்து தப்பிப் போனவர், பெயரை மாற்றிக்கொள்ளும் முதல் வாய்ப்பு கிடைத்தபோது மாற்றிக்கொண்டார். அது அவருடைய விடுதலைக்கான வழிகளில் ஒன்று. ஆனால் வேறு வழியைத் தேர்ந்தவர்களும் அதே நாட்டில் இருந்தார்கள். 'பறையன்' என்ற பெயரிலேயே 1893இல் இதழ் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பிவந்து சட்டமன்ற உறுப்பினராகி, அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அயோத்திதாசர் வழிகாட்டிய சாக்கிய பௌத்தத்தின் பெயரில் டர்பனிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சங்கம் இயங்கியது. ஆகவே அங்கே போனவர்கள் எல்லாரும் தம் பிறப்பை மறைத்தார்கள் என்பதும் சரியல்ல, எல்லாரும் சாதியைத் துறந்தார்கள் என்பதும் சரியல்ல.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கலை யோசித்துப் பாருங்கள். நாயுடு என்ற குடும்பப் பெயரோடு ஒருவர் டர்பனிலிருந்து தம் பூர்வீகத்தைத் தேடி இந்தப் பக்கம் வருகிறார். ஊருக்குள் நுழைந்ததும் அவரை எந்தத் தெருவுக்கு அழைத்துப்போவார்கள்? பெயரைக் கேட்டவுடன் ஊர்த்தெருவில் யாராவது ஒரு குடும்பத்தோடு அவரை உறவாக்கிவிடுவார்கள். மாலை போடுவார்கள், குலதெய்வம் இதுதான் என்று ஒரு கோயிலைக் காட்டுவார்கள், கோயில் திருப்பணிக்கு நன்கொடையும் வாங்குவார்கள். சேரியில் அவருடைய பூட்டியின் தங்கை வழிவந்தவர்கள் இருந்தால், அந்தக் கார் போவதை அவர்கள் ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தவருக்கும் தெரியாது, நின்றவருக்கும் தெரியாது. இரண்டு தரப்பிடமும் எழுத்து இல்லாத இடத்தில் ஊரின் சொல்லே வரலாறாகிவிடும். வம்சாவளித் தேடல் நமக்கு ஏன் அரசியல் வேலை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சொல்வதா, விடுவதா

அப்படியானால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உலகமெங்கும் உள்ளவர்களின் சாதியை வெளிப்படுத்துவதா? கூடாது என்பது நம் நிலை. இறந்து நூறாண்டு ஆனவரின் பதிவு வரலாறு. உயிரோடு இருப்பவர் தம்மை எப்படி அறிய விரும்புகிறார் என்பது அவர் உரிமை. ஒருவர் தம் முன்னோரைக் கேட்டு வந்தால் ஊர், தாலுகா, தகப்பன் பெயர், உடன்போனவர்கள் ஆகியவற்றை முதலில் தரலாம். மூலப் பதிவை அவரே பார்க்கும்படி வழி காட்டலாம். அதில் உள்ள சாதிச் சொல்லை அவர் படித்துவிட்டுக் கேட்டால் ஒளிக்காமல் விளக்கலாம். நாம் முந்திக்கொண்டு சொல்லவும் வேண்டாம், அவர் கேட்ட பிறகு பூசி மெழுகவும் வேண்டாம். வாழ்பவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதமில்லாமல் அச்சிலோ இணையத்திலோ போடக் கூடாது.

அதே நேரத்தில், இணைய வம்சாவளி மரங்களில் சாதிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஏற்றும் பழக்கம் பரவினால் அதை ஏற்க முடியாது. நாயுடு என்ற பட்டம் மரத்தில் இருக்கலாம், பறையர் என்ற பதிவு மட்டும் இருக்கக் கூடாது என்றால் அது நடுநிலை அல்ல. மூல ஆவணம் உள்ளபடியே இருக்க வேண்டும். அந்தச் சொல்லில் இழிவு இருப்பதாக நினைப்பவர் நினைப்பைத்தான் மாற்ற வேண்டும், ஆவணத்தை அல்ல.

மற்ற கடல்கள்

நேட்டாலை மட்டும் இவ்வளவு விரிவாகப் பேசியதற்குக் காரணம் அதன் பதிவுகள் எளிதில் கிடைப்பதே. மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனத்திடம் குடியேற்றப் பதிவேடுகள் உள்ளன. 1860களுக்குப் பின் எடுத்த தொழிலாளர் புகைப்படங்களும் அங்கே இருக்கின்றன. ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். சென்னையிலிருந்து 1903க்குப் பிறகு போனவர்களின் குடியேற்றச் சீட்டுகளில் ஊரும் நெருங்கிய உறவினர் பெயரும் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குப் போனவர்களைப் பிரெஞ்சு அரசின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் தேடலாம். கடல்கடந்த பகுதிகளுக்கான பிரெஞ்சுக் காப்பகம் அவற்றை இணையத்தில் வைத்துள்ளது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் போனவர்களின் நிலை வேறு. கங்காணியின் கையில் இருந்த கடன் கணக்கே பெரும்பாலும் அவர்களுடைய பதிவு. ஊரும் தகப்பன் பெயரும் சேர்ந்த பட்டியல் இந்த அளவில் அவர்களுக்கு இல்லை. ஆகவே ஒரே வீட்டில் நேட்டாலுக்குப் போன அண்ணனை இன்று கண்டுபிடித்துவிடலாம், இலங்கைக்குப் போன தம்பியைக் கண்டுபிடிப்பது அரிது. அவர்களுக்காக நமக்கு மிஞ்சியிருப்பது ஊரில் உள்ள பெரியவர்களின் நினைவும், பெட்டிக்குள் கிடக்கும் பழைய கடிதங்களும்தான்.

நாம் செய்ய வேண்டியவை

மாணவத் தோழர்கள் இந்த வேலையைத் தொடங்கலாம். பெரிய நிதியோ அனுமதியோ தேவையில்லை. முதலில் ஒவ்வொரு சேரியிலும் உள்ள பெரியவர்களிடம் நான்கு தலைமுறைப் பெயர்களை ஆண்வழி, பெண்வழி இரண்டிலும் கேட்டு எழுத வேண்டும். போய்த் திரும்பாதவர்கள், திரும்பிவந்தவர்கள் பற்றிய பேச்சையும் அப்படியே எழுத வேண்டும். குலதெய்வத்தின் பெயர், அது இருக்கும் இடம், பங்காளிகள் இருக்கும் ஊர்கள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கடல் தாண்டியவர்கள் வேறெதை மறந்தாலும் இவற்றில் ஒன்றை வைத்திருப்பார்கள். இரண்டாவது, முன்பு சொன்ன ஊர்ப்பெயர் அட்டவணை. பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரங்களோடு நகரி, புத்தூர் பக்கத்து ஊர்களையும் சேர்க்க வேண்டும். மாநில எல்லை நமக்குத் தடையாகக் கூடாது. தெலுங்கு தெரிந்த தோழர்கள் இதில் முன்னிற்க வேண்டும். மூன்றாவது, நேட்டால் பட்டியலில் வட ஆர்க்காடு வரிகளைப் பிரித்தெடுத்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். எழுத்து ஒத்துப்போவதை மட்டும் வைத்து இவர்தான் என்று முடிவுகட்டக் கூடாது. பெயர், தகப்பன் பெயர், ஊர், காலம் நான்கும் பொருந்தினால்தான் எழுத வேண்டும். பொருந்தாததைப் பொருந்தாதது என்றே குறித்து வைக்க வேண்டும். பிழையான உறவு ஒன்றை ஒட்டவைத்தால் ஊர்த்தெரு செய்வதையே நாமும் செய்தவர்களாவோம்.

அம்பேத்கர் நம் வரலாற்றை நாமே எழுத வேண்டியதன் தேவையைத் தம் எழுத்தால் செய்துகாட்டினார். தீண்டப்படாதவர்கள் யார் என்ற கேள்வியை 1948இல் நூலாக எழுப்பியபோது பழங்காலத்தை நோக்கிப் போனார். நாம் பேசுவது கடந்த இரண்டு நூற்றாண்டுக்கு உட்பட்ட காலத்தை. சான்றுகள் இருக்கின்றன, அவற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் இன்று நம் தெருக்களில் இருக்கிறார்கள். கைபேசியில் எட்டும் தூரத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள தகப்பன் பெயரைக் கேட்டவுடன் 'அது எங்க வீட்டுப் பெயர்' என்று சொல்லக்கூடிய கிழவி இந்த ஊரில்தான் இருக்கிறாள். அவள் இருக்கும்போதே இருவரையும் சேர்த்துவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு இந்நினைவு நாளில் ஒவ்வொரு சேரியிலிருந்தும் ஒரு நோட்டுப் புத்தகமாவது மன்றத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.